கட்டை அவிழ்க்காமல் காயத்தை அறிதல்

பால்மரம் வெட்டும் தொழிலாளியைக் காட்டிலும் காயத்தின் இயல்பை நன்கு அறிந்தவர் வேறு எவரும் இலர் என்று கூறினால் அது மிகையாகாது. நாள்தோறும் விடியற்காலையில் அவர் செய்யும் வேலை ஒரு மரத்திற்குக் காயம் உண்டாக்குவதே ஆகும். அக்காயத்திலிருந்து பால் வடிய வேண்டும். அதே வேளையில் காயம் ஆறிப் புதுப்பட்டையும் வளர வேண்டும். கத்தி மேலாகச் சென்றால் பால் குறையும். ஆழமாகச் சென்று, பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளர்ந்து, பிற்காலத்தில் அங்கே கத்தி வைக்க இயலாது போய்விடும். இந்த நுட்பத்தை வெளியுலகம் நமக்குக் கற்றுத் தந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான். 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், ஒரே வெட்டின் விளிம்பை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவினால் பாலும் பெருகும், மரமும் பிழைக்கும் என்பதைச் சோதனைகளால் நிறுவினார். கண்டவரிடமெல்லாம் ரப்பர் விதைகளைத் திணித்து, நடும்படி வற்புறுத்தியதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று அந்நாளைய தோட்டக்காரர்கள் கேலி செய்தனர். அந்தப் பைத்தியத்தின் விளைவாகவே நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தனர் என்பது வேறு கதை.

மரத்தின் காயம் திறந்த வெளியில் இருக்கிறது. புதுப்பட்டை எவ்வளவு தடித்திருக்கிறது, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்பதையெல்லாம் நிரையில் நடந்துகொண்டே பார்த்துவிடலாம். மனிதனின் காயமோ அப்படிப்பட்டதன்று. அதை மருந்திட்டு மூடிக் கட்டிவிடுகிறோம். கட்டுக்குள்ளே நடப்பது நல்லதா கெட்டதா என்பது கட்டை அவிழ்க்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. அவிழ்க்காமலே அதனைத் தெரிந்துகொள்ள வழியுண்டா என்ற கேள்விக்கு அண்மைக்காலத்தில் அறிவியல் அறிஞர்கள் விடை தேடி வருகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய சிங்கப்பூரிலேயே இருக்கின்றனர்.

மூடுவது ஏன்?

காயத்தைக் காற்றாட விட்டால் விரைவில் ஆறும் என்பது நம்மிடையே நெடுநாளாக நிலவும் நம்பிக்கை. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினர். 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இந்த நம்பிக்கையைச் சோதித்தார். இளம் பன்றிகளின் முதுகில் மேலோட்டமான சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் உலர விட்டார். சிலவற்றை மெல்லிய பாலித்தீன் தாளால் மூடினார். மூடப்பட்டு ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது.

இதற்குக் காரணம் எளிது. காயம் உலரும்போது மேலே பொருக்குத் தட்டுகிறது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வரும் புதிய தோல் உயிரணுக்கள் அந்தக் காய்ந்த பொருக்கின் அடியிலே ஈரமுள்ள இடத்தைத் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரம் காக்கப்பட்ட காயத்தில் அவை நேராகவே படர்ந்துவிடுகின்றன. நாற்று ஈரமண்ணில் வேர் பிடிப்பது போலவும் பாறையில் தடுமாறுவது போலவும் என்று இதனைக் கருதிக்கொள்ளலாம். அளவுக்கு மிஞ்சிய ஈரமும் தீங்கே. சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்துப் பிய்ந்துவிடும்.

ஆகவே, நல்ல கட்டு என்பது காயத்தை வெதுவெதுப்பாகவும் அளவான ஈரத்தோடும் வைத்துக் காக்கும் ஒரு சிறிய வீடு. அதை அவிழ்ப்பது அந்த வீட்டின் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். அவிழ்த்துக் கழுவிய காயம் குளிர்ந்துவிடுகிறது. அது பழைய சூட்டுக்குத் திரும்ப ஏறக்குறைய 40 நிமிடமும், உயிரணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கச் சுமார் 3 மணி நேரமும் ஆகின்றன என்பது மருத்துவ நூல்களில் பரவலாகச் சுட்டப்படும் கணக்கு. கட்டுத் துணி ஒட்டிக்கொண்டிருந்தால், அப்போதுதான் முளைத்த தோலும் அதனுடன் உரிந்து வந்துவிடும். வலி வேறு.

மூடியே வைத்திருந்தால் என்ன?

அப்படியானால் காயத்தை மூடிவிட்டு ஆறும்வரை தொடாமலே விட்டுவிடலாம் அல்லவா என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் ஜோசப் டிரூயெட்டா என்ற அறுவை மருத்துவர், குண்டடிபட்ட கை கால்களில் செத்த சதையை வெட்டி நீக்கிச் சுத்தம் செய்து, முழுவதையும் மாக்கட்டுப் போட்டு மூடிவிட்டார். வாரக்கணக்கில் அக்கட்டுகள் பிரிக்கப்படவில்லை. நாற்றம் தாங்க முடியாததாக இருந்தது. ஆயினும், அவர் வெளியிட்ட 1,073 பேரின் கணக்கில் 976 பேருக்கு நல்ல பலன் கிட்டியது. 91 பேருக்குத் திருப்தியான பலன் இல்லை. இறந்தவர் 6 பேரே. அக்காலப் போர்க்காயங்களுக்கு இது வியத்தகு வெற்றியாகும்.

ஆனால் அந்த 91 பேரையும் 6 பேரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாக்கட்டுக்குள்ளே அவர்களுடைய காயம் கெட்டுக்கொண்டிருந்ததை வெளியிலிருந்து எப்படி அறிவது? காய்ச்சலும் வலியும் வீக்கமுமே அன்று கிடைத்த அடையாளங்கள். அவற்றுள் வலி என்ற அடையாளமே இல்லாது போய்விட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர். 1946-ஆம் ஆண்டில் அவர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்பதே அதுவரை எல்லாரும் கொண்டிருந்த எண்ணம். பிராண்ட் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தார். நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. உணர்ச்சியற்ற கையால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கின்றனர். உணர்ச்சியற்ற காலில் முள் தைத்தாலும் அதே காலை ஊன்றி நடக்கின்றனர். விரல்களைப் பறித்தவை நாளும் நேரும் இத்தகைய காயங்களே என்று அவர் கண்டறிந்தார். பாதப் புண்ணுக்கு மாக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு தந்ததும், ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்களும் ஆறின. 1966-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் கார்வில் என்னும் ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே பாதத்தின் சூட்டைப் படமாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்தி, புண் திறக்கும் முன்பே தோலின் அடியில் எந்த இடம் கொதிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். வலி சொல்லாத செய்தியைச் சூடு சொல்லும் என்பதே அவர் கண்ட உண்மை.

தொழுநோய் நம் நாட்டில் இன்று அரிதாகிவிட்டது. ஆனால் காலின் உணர்ச்சியைப் பறிக்கும் வேறொரு நோய் நம் லயங்களில் புகுந்து, நெடுநாள் விருந்தாளியைப் போல் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அதுவே இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. நம் நாட்டு மூவினத்தாருள் இந்தியரிடையே இந்நோய் மிகுந்திருப்பதை இவ்வாய்வுகள் மீண்டும் மீண்டும் சுட்டியுள்ளன. உடலில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் மரத்துப் போகின்றன. இரத்தக் குழாய்கள் குறுகுகின்றன. காயம் ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் போய்ச் சேருவதில்லை.

ஆசிரியராகப் பணியாற்றிய நாளில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். என் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் தந்தை பால்மரம் வெட்டுபவர். காட்டில் ஒரு முளைக்குச்சி காலணியைத் துளைத்து அவருடைய பாதத்தில் ஏறிவிட்டது. காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டவர், அதை நனைக்க வேண்டாம், அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். எப்போது திரும்பி வர வேண்டும் என்று அவர் சொன்னாரா, சொல்லியும் இவர் மறந்தாரா என்பது தெரியவில்லை. இவர் சொல் தவறாதவர். எட்டு நாள் கட்டை நனைக்கவுமில்லை, அவிழ்க்கவுமில்லை. வலி இல்லாததால் ஆறிவிட்டது என்றே நம்பினார். மேலே துணி வெள்ளையாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் வீட்டில் நாற்றம் வீசியபோது அவிழ்த்துப் பார்த்தனர். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பின்னரே அவர் உயிர் தப்பினார். அந்தக் கட்டு, தன் உள்ளே நடந்ததை ஒரு சொல்லாவது வெளியே சொல்லியிருந்தால் அவர் இன்னும் பல ஆண்டுகள் நிரைக்குப் போயிருப்பார்.

காயம் பேசும் மொழி

கட்டுக்குள்ளிருக்கும் காயம் உண்மையில் ஊமையன்று. அது பல வகையில் பேசுகிறது. நாம்தான் கேட்பதில்லை.

முதலாவது சூடு. கிருமிகள் பெருகும் இடத்துக்கு உடல் கூடுதலாக இரத்தத்தை அனுப்புகிறது, அவ்விடம் சுடுகிறது. இரண்டாவது ஈரம். ஆறும் காயத்தில் நீர் வடிவது நாளுக்கு நாள் குறையும். கெட்டுப்போகும் காயத்தில் அது பெருகும். மூன்றாவது வாடை. மீன் கெடும்போது எழும் நாற்றத்திற்குக் காரணமான டிரைமெத்திலமைன் என்ற பொருளைக் காயத்திலுள்ள சில கிருமிகளும் உண்டாக்குகின்றன.

நான்காவது புளிப்பும் காரமும். இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவதையும், பால் உறைந்துவிடாதிருக்க அம்மோனியா சேர்ப்பதையும் நீங்கள் அறிவீர்கள். முன்னது அமிலம், பின்னது அதற்கு எதிரான காரம். இவற்றை அளக்க 0 முதல் 14 வரை ஓர் அளவுகோல் உண்டு. 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம்; மேலே போனால் காரம். நலமான தோல் 4-க்கும் 6-க்கும் இடைப்பட்ட மென்மையான அமிலத் தன்மையுடையது. அதுவே கிருமிகளுக்கு எதிரான ஒரு வேலி. நெடுநாள் ஆறாத புண்ணிலோ இந்த எண் பெரும்பாலும் 7-க்கும் 9-க்கும் இடையே காரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆறத் தொடங்கிய புண் மெல்ல மெல்ல அமிலத்தின் பக்கம் திரும்பி வருகிறது.

இந்த மாற்றத்தைக் கண்ணால் காண முடியுமா? முடியும். நம் இல்லங்களில் மங்கல நிகழ்ச்சிகளில் ஆரத்தி சுற்றுகிறோம். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் அது குருதிச் சிவப்பாக மாறுகிறதே, அது எதனால்? சுண்ணாம்பு காரப் பொருள். மஞ்சளிலுள்ள நிறமி காரத்தைக் கண்டவுடன் சிவக்கிறது. பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோன ஒரு நாளில் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு வரச் சொல்லி இப்பாடத்தை நடத்தியிருக்கிறேன்; மாணவர்களுக்கு லிட்மஸ் மறந்தாலும் ஆரத்தி மறக்கவில்லை. காயத்திலிருந்து வடியும் நீரால் இவ்வாறு நிறம் மாறக்கூடிய ஒரு பொருளைக் கட்டிலேயே வைத்துவிட்டால், கட்டு தானே செய்தி சொல்லும் அல்லவா? (இதற்காக மஞ்சளை எடுத்துக் காயத்தில் அப்பிவிட வேண்டாம். காயத்தில் வைக்கும் பொருள் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். காப்பித் தூளுக்கும் புகையிலைக்கும் இதே சொல் பொருந்தும்.)

ஐந்து இதழ் கொண்ட தாள்

இந்த எண்ணத்தைச் செயலாக்கிக் காட்டியவர்களுள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும், அந்நாட்டு அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு முகவையைச் சேர்ந்த அறிஞர்களும் அடங்குவர். 2023-ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்த சிறு தாள் ஒன்று, பார்வைக்கு நம் வாசலில் பூக்கும் நந்தியாவட்டையை ஒத்திருக்கிறது. நடுவில் ஒரு துளை. சுற்றிலும் ஐந்து இதழ்கள். காயத்தின் நீர் நடுத்துளை வழியாக ஏறி ஐந்து வாய்க்கால்களில் பிரிந்து ஐந்து இதழ்களையும் அடைகிறது. ஓர் இதழ் சூட்டை அறியும். ஒன்று அமிலத்தையும் காரத்தையும் அறியும். ஒன்று மேலே சொன்ன மீன் வாடைப் பொருளை அறியும். ஒன்று யூரிக் அமிலத்தை அறியும். மற்றொன்று ஈரத்தை அறியும். ஒவ்வொன்றும் தான் கண்டதற்கேற்ப நிறம் மாறுகிறது.

வாய்க்கால் என்றவுடன் குழாய்களை எண்ணிக்கொள்ள வேண்டாம். நம் நாட்டுப் பாத்தேக் துணியில் மெழுகால் கோடு இழுத்துவிட்டால் சாயம் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. அதே முறையில் தாளின்மேல் மெழுகை அச்சிட்டு, நீர் செல்ல வேண்டிய வழியை மட்டும் மெழுகின்றி விட்டிருக்கின்றனர். மின்கலமும் கம்பியும் இல்லை. கைத்தொலைபேசியால் அந்த ஐந்து நிறங்களையும் படம் பிடித்தால், கணினி அதனை ஆராய்ந்து, காயம் ஆறுகிறதா இல்லையா என்று சொல்லும். எலிகளின் காயங்களிலிருந்தும் தீப்புண்களிலிருந்தும் எடுத்த நீரைக் கொண்டு செய்த சோதனையில், ஆறும் காயத்தையும் ஆறாத காயத்தையும் 97 விழுக்காடு வரை சரியாகப் பிரித்தறிய முடிந்தது. எலிகளின் தீப்புண்ணின்மேல் தாளை நேரடியாகவே பதித்தும் கவனித்தனர்.

இதற்கு முன்பாக 2021-ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தார் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையுடன் சேர்ந்து வேறொரு கட்டினை உருவாக்கினர். நெடுநேரம் நின்று வேலை செய்வோருக்குக் காலில் இரத்த நாளம் புடைத்து, கணுக்காலுக்கு மேலே புண் ஏற்படுவதைப் பலரும் கண்டிருப்பர். அத்தகைய புண்ணுக்காகவே செய்யப்பட்டது அது. சூடு, அமிலம், கிருமி, வீக்கத்தை உண்டாக்கும் பொருள்கள் ஆகியவற்றை 15 நிமிடத்திற்குள் அறிந்து, கம்பியின்றிக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் மின்னணுக் கட்டு அது. எனக்கென்னவோ மின்னணுக் கட்டைவிட அந்தத் தாள் பூவே தோட்டப்புறத்துக்கு ஏற்றது எனத் தோன்றுகிறது. மழையிலும் வியர்வையிலும் உழலும் காலில் மின்கலத்தைக் கட்டிவிட்டு அது பழுதாகாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைவிட, நிறம் மாறும் தாள் எளிதல்லவா?

பிற நாடுகளிலும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒரு மெல்லிய ஈர உணரி கட்டுக்குள் காயத்தின்மேல் வைக்கப்படுகிறது. அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாதி ஒரு சிறு மானியை அதில் மாட்டி ஈரத்தைப் படித்துக்கொள்வார். இதை நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. மாற்றப்பட்ட கட்டுகளில் ஏறக்குறைய பாதி, காயத்தின் ஈரம் சரியான அளவில் இருந்தபோதே மாற்றப்பட்டவை. அதாவது, அவிழ்க்காமலே விட்டிருக்கலாம்! அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2022-இலும், கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2023-இலும் காயத்தைக் கவனிப்பதோடு சிறு மின்னோட்டம் செலுத்தி ஆற்றவும் முயலும் கட்டுகளை விலங்குகளில் சோதித்து வெளியிட்டனர்.

கட்டுக்குள் எதையுமே வைக்காமல் வெளியிலிருந்தே பார்க்கும் வழியும் ஒன்றுண்டு. விமான நிலையங்களில் பயணியின் உடையைக் களையாமலே சோதிக்கும் கூண்டு இருக்கிறதல்லவா? அதில் பயன்படும் மில்லிமீட்டர் அலைகள் துணியையும் மாக்கட்டையும் ஊடுருவும். நீர் நிறைந்த சதையில் பட்டுத் திரும்பும். தீயில் வெந்த தோலுக்கும் நல்ல தோலுக்கும் நீரின் அளவு வேறுபடுவதால், திரும்பும் அலையின் வலுவும் வேறுபடும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வழியில் தீப்புண்ணைக் கட்டின் மேலிருந்தே அறிய இயலுமா என்று ஆராய்ந்துள்ளனர். எக்ஸ்ரே கதிரைப் போல இது உயிரணுக்களைச் சிதைப்பதில்லை.

எலியின் முதுகும் மனிதனின் பாதமும்

இவற்றைக் கேட்டு, நாளைக்கே சுகாதார கிளினிக்கிற்குச் சென்று ஐந்து இதழ்த் தாளைக் கேட்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றது வேறு. அன்றாட மருத்துவத்தில் புழங்குவது வேறு. எலியின் முதுகுத் தோல் நடப்பதில்லை, அதன்மேல் காலணி அழுத்துவதில்லை, சேறும் படிவதில்லை. மனிதரின் உள்ளங்கால் உடலின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. மேலும், தாள் நிறம் மாறிய பின் அந்தப் படத்தை யார் பார்ப்பது, பார்த்தவர் என்ன செய்வது என்பதும் ஒழுங்கு செய்யப்பட வேண்டும். அபாயச் செய்தி வந்தும் அதைக் கேட்க ஆளில்லையெனில் அச்செய்தியால் பயனில்லை.

எனினும், தோட்டப்புற மக்களுக்கு இத்தகைய கருவி எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கோத்தா திங்கியின் உட்புறத் தோட்டம் ஒன்றிலிருந்து ஜொகூர் பாருவிலுள்ள சுல்தானா அமினா மருத்துவமனைக்குச் சென்று காயத்தைக் காட்டி வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. காயம் நன்றாக இருக்கிறது, வர வேண்டியதில்லை என்பதை வீட்டிலிருந்தே அறிந்தால் அந்தக் கூலி மிஞ்சும். இன்றே வர வேண்டும் என்பதை அறிந்தால் கால் மிஞ்சும். பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகிவிட்ட பின்னும் இந்தத் தொலைவு குறைந்துவிடவில்லை. செம்பனையின் முள்ளும் பாதத்தைக் குத்துவதில் ரப்பர்க் காட்டின் முளைக்குச்சிக்குச் சளைத்ததன்று.

கருவி கைக்கு வரும்வரை, அந்த ஐந்து இதழ்களின் வேலையில் ஒரு பகுதியை வீட்டிலுள்ளோரே செய்யலாம். சூட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் ஒரு கணக்கு நிறுவப்பட்டுள்ளது. ஒரு பாதத்தின் ஓரிடம், மற்றப் பாதத்தின் அதே இடத்தைக் காட்டிலும் 2.2 பாகை செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து சூடாக இருந்தால் அது எச்சரிக்கை. அவர்கள் அதற்கென்றே செய்யப்பட்ட வெப்பமானியைப் பயன்படுத்தினர். நம்மிடம் அஃதில்லாவிடில் புறங்கையே உதவும். உள்ளங்கை உழைத்துக் காய்த்துப் போயிருக்கும். புறங்கையின் தோல் மெல்லியது. நோயாளி சற்று நேரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பின், கட்டுக்கு மேலும் கீழும் உள்ள திறந்த தோலில் புறங்கையை வைத்து, மற்றக் காலின் அதே இடத்தோடு ஒப்பிட வேண்டும். நோயாளி தாமே இதைச் செய்வதைவிட மனைவியோ பிள்ளையோ செய்வது நல்லது. நீரிழிவினால் கையும் மரத்துப் போயிருக்கக்கூடும். வெப்பமானியைப் போல இது துல்லியமாக இராது. ஆகவே வேறுபாடு தெரியவில்லை என்பதனால் காயம் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக்கூடாது. வேறுபாடு தெரிந்தால் மட்டும் அதை மெய்யென்று கொள்ள வேண்டும்.

நிறத்தை நம்புவதில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. தோல் சிவந்தால் ஆபத்து என்று நூல்கள் கூறும். அந்நூல்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலைக் கண்டு எழுதப்பட்டவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் புலப்படாது. அவ்விடம் மேலும் கறுத்தோ ஊதாவாகவோ பளபளப்பாகவோ தோன்றும். எனவே வீக்கத்தையும் சூட்டையும் முதன்மையாகக் கொள்ள வேண்டும். ஈரத்தை அறிய, கட்டின் வெளிப்புறத்தில் நீர் ஊறித் தெரியும் கறையைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதி வைக்கலாம். கறை கோட்டைத் தாண்டிப் பரவினால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே அறையில் நாள் முழுதும் இருப்பவரின் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருபவர் முகம் சுளித்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும்போது தாதியிடம் கேட்க வேண்டியவை இரண்டு. அடுத்து எந்த நாளில் இதை மாற்ற வேண்டும்? அதற்கு முன் எதைக் கண்டால் உடனே வர வேண்டும்? விடையை அங்கேயே ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. குறித்த நாளுக்கு முன் காரணமின்றிக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். குறித்த நாள் தாண்டிவிட்டால் மழை, கூலி, பேருந்து என்று காரணம் தேடாமல் போக வேண்டும். நீரிழிவு உள்ளவராயின், காரணமின்றிச் சர்க்கரை அளவு ஏறுவதும் கட்டுக்குள்ளிருந்து வரும் ஒரு செய்தியே. கிருமிகள் பெருகும்போது உடலில் சர்க்கரை கட்டுக்கடங்காது போவதுண்டு. காய்ச்சலோ குளிரோ கண்டாலும், காயத்திலிருந்து மேல்நோக்கித் தடித்த கோடு ஏறினாலும், விரல் நிறம் கறுத்தாலும், அது நள்ளிரவாக இருப்பினும் வண்டி பிடிக்க வேண்டும். விடிந்து பிரட்டு முடியட்டும் என்று காத்திருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரத்தில் கிருமி பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறிவிடக்கூடும்.